ஈதரைத் தேடிய சோதனைகள்

பௌதிகப் பாடத்தில் ஈதர் என்னும் சொல் இன்று ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுகிறது. ஒளி செல்வதற்கு ஈதர் என்றோர் ஊடகம் உண்டென முற்காலத்தார் கருதினர். 1887-ஆம் ஆண்டு மைக்கல்சன், மார்லி ஆகிய இருவரும் செய்த சோதனையால் அது இல்லையென்று தெளிவாயிற்று. பாடநூல் இவ்வாறு சொல்லி முடித்துவிடும். மாணவரும் அதைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்துகொள்வர்.

உண்மையில் நடந்தது இவ்வளவு எளிதன்று. அந்தச் சோதனையைப் பற்றிய வழக்கு 1887-ஆம் ஆண்டில் தொடங்கி 1955-ஆம் ஆண்டு வரை, 68 ஆண்டுக்காலம் நடந்தது என்றே சொல்லலாம். 'ஈதரின் அடையாளத்தைக் கண்டேன்' என்று ஒரு சிறந்த பேராசிரியர் உறுதியாகக் கூறினார். அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழிந்த பிறகே, அவருடைய சோதனை ஏடுகளைப் பிரித்துப் பார்த்து, அவர் கண்டது யாது என்பதை வேறு சிலர் விளக்கினர். அவருடைய பெயரைச் சொல்லி, ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையே பிழையானது என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாணவர்கள் என்னிடமே இக்கேள்வியைக் கேட்டதுண்டு. 'பெரும்பாலான விஞ்ஞானிகள் அவரை ஏற்கவில்லை' என்று பதில் சொல்வது எளிது. ஆனால் அது பதிலாகாது. விஞ்ஞானத்தில் கை தூக்கச் செய்து வாக்கு எண்ணுவது வழக்கமில்லை. ஒருவர் ஒன்றைக் கண்டேன் என்றால், அவர் கண்டது என்ன என்று காட்டியாக வேண்டும். அதைத்தான் இங்கே நான் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஈதர் என்ற எண்ணம் ஏன் பிறந்தது என்று பார்ப்போம். குளத்தில் கல்லை எறிந்தால் நீரில் அலை எழுகிறது. மணியை அடித்தால் ஒலி காற்றில் அலையாகப் பரவுகிறது. நீரின்றி நீரலை இல்லை. காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவைக்குள் மணியை அடித்தால் ஓசை வெளியே கேட்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ் யங், பிரான்சில் ஃபிரெனல் ஆகிய இருவரும் ஒளியும் அலையே என்பதைச் சோதனைகளாலும் கணக்காலும் நிறுவினர். ஒளி அலையானால், அது எதில் எழும் அலை? கதிரவனுக்கும் நமக்கும் இடையே காற்று இல்லை, நீரும் இல்லை. ஆயினும் ஒளி வந்து சேருகிறது. ஆகவே, வானவெளி முழுவதையும் நிரப்பி, கண்ணாடிக்குள்ளும் நீருக்குள்ளும் ஊடுருவி நிற்கும் நுண்பொருள் ஒன்று உண்டு என்று கொண்டனர். அதற்கு ஈதர் என்று பெயரிட்டனர்.

அப்பொருளின் இயல்புகள் விந்தையானவை. ஒளியலை குறுக்கலை. குறுக்கலை ஊடகம் முழுவதும் பரவ வேண்டுமானால் அவ்வூடகம் திடப்பொருளைப்போல் விறைப்பு உடையதாய் இருத்தல் வேண்டும். ஆனால் கோள்களோ அதனூடே எத்தடையுமின்றி ஆண்டாண்டாய் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஃகைப்போல் விறைப்பும் வெறுமையைப்போல் மென்மையும் உடைய பொருள் எப்படியிருக்கும்? அறிஞர்கள் இக்குழப்பத்தை அறிந்தே இருந்தனர். இருப்பினும் அதைவிட நல்ல விளக்கம் அன்று அவர்களிடம் இல்லை.

ஈதர் உண்டென்றால் அதைச் சோதித்தறிய ஒரு வழியும் உண்டு. காற்றே வீசாத நாளில் மிதிவண்டியில் விரைந்து சென்றால் முகத்தில் காற்று அடிக்கிறது. நிலையாக நிற்கும் ஈதர்க் கடலில் பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கதிரவனைச் சுற்றி ஓடுகிறது. அப்படியானால் பூமியில் இருக்கும் நமக்கு எதிரே ஓர் ஈதர்க் காற்று வீசவேண்டும். அக்காற்றை எதிர்த்துச் செல்லும் ஒளிக்கு வேகம் சிறிது குறைய வேண்டும். அதனோடு செல்லும் ஒளிக்குச் சிறிது கூட வேண்டும்.

இதைத் தேடிப் பிரெஞ்சு அறிஞர் அராகோ 1810-ஆம் ஆண்டில் விண்மீன் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்திப் பார்த்தார். பூமி விண்மீனை நோக்கி ஓடினாலும் விலகி ஓடினாலும் ஒளி ஒரே அளவாகவே வளைந்தது. இதற்கு ஃபிரெனல் 1818-இல் ஒரு விளக்கம் தந்தார். கண்ணாடி போன்ற ஊடகம் நகரும்போது தனக்குள் இருக்கும் ஈதரில் ஒரு பங்கை இழுத்துச் செல்கிறது. அதனால் விளைவு மறைந்துபோகிறது என்றார். ஓடும் நீரில் ஒளியின் வேகத்தை 1851-இல் ஃபீஸோ அளந்தபோது ஃபிரெனல் கணித்த எண்ணே கிடைத்தது. ஆக, ஒளியின் வேகத்தோடு பூமியின் வேகத்தை ஒப்பிடும் 10,000-இல் ஒரு பங்கு என்ற அளவில் எந்த வேற்றுமையையும் காண முடியாதென்று ஆயிற்று. மீதியிருந்தது அந்தப் பின்னத்தின் வர்க்கம். 10,000-ஐ 10,000-ஆல் பெருக்கினால் 10 கோடி. 10 கோடியில் ஒரு பங்கை அளக்க வேண்டும். மாக்ஸ்வெல் தாம் மறைந்த 1879-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில், பூமியின்மேல் செய்யும் சோதனையில் இவ்வளவு நுண்ணிய வேற்றுமையைக் காண்பது இயலாது என்று குறிப்பிட்டார். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த ஆல்பர்ட் மைக்கல்சன் என்னும் இளைஞர் அக்கடிதத்தை அறிந்தார். இயலாது என்ற சொல்லை அவர் ஓர் அறைகூவலாக ஏற்றுக்கொண்டார்.

அவருடைய எண்ணத்தை ஓர் ஆற்றைக்கொண்டு விளக்கலாம். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடும் ஓர் ஆறு. நிமிடத்துக்கு 50 மீட்டர் நீந்தக்கூடிய இருவர். ஒருவர் 400 மீட்டர் தூரம் நீரோட்டத்தோடு சென்று, எதிர்நீச்சலிட்டுத் திரும்ப வேண்டும். மற்றவர் 400 மீட்டர் அகலமுள்ள ஆற்றை நேர்குறுக்கே கடந்து திரும்ப வேண்டும். முதல்வர் போகும்போது 80 மீட்டர் வேகம், 5 நிமிடம். திரும்பும்போது 20 மீட்டர் வேகம்; 20 நிமிடம். ஆக 25 நிமிடம். இரண்டாமவர் நீரோட்டம் தம்மை இழுத்துச் செல்லாதவாறு சாய்ந்து நீந்தவேண்டியிருப்பதால் அவருக்குக் கிடைக்கும் வேகம் 40 மீட்டர். போக 10, வர 10. ஆக 20 நிமிடம். தூரம் ஒன்று, நீந்தும் திறனும் ஒன்று. எனினும் காலம் வேறாகிறது. இருவரும் திரும்பி வரும் நேரத்தைக்கொண்டே, ஆற்றைப் பாராமலே, நீரோட்டம் உண்டென்று சொல்லிவிடலாம்.

மைக்கல்சன் நீந்துவோருக்குப் பதில் இரண்டு ஒளிக்கற்றைகளை விட்டார். பாதியளவு வெள்ளி பூசிய கண்ணாடி ஒன்று, விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கற்றை நேரே செல்கிறது. மற்றது அதற்குச் செங்குத்தாகச் செல்கிறது. இரண்டும் கோடியிலுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வந்து ஒன்று சேர்கின்றன. அலையும் அலையும் சேரும்போது மேடும் மேடும் கூடினால் ஒளி. மேடும் பள்ளமும் கூடினால் இருள். தொலைநோக்கி வழியே பார்த்தால் ஒளியும் இருளும் மாறி மாறி அமைந்த மெல்லிய வரிகள் தெரியும். ஒரு கற்றை அரை அலை பிந்தினால்கூட, ஒளியிருந்த இடத்தில் இருளும் இருளிருந்த இடத்தில் ஒளியும் வந்துவிடும். இனிக் கருவி முழுவதையும் மெல்லச் சுழற்றினால், ஈதர்க் காற்றை எதிர்த்து நின்ற கை குறுக்காகவும், குறுக்காக நின்ற கை எதிராகவும் மாறும். அப்போது வரிகள் இடம் பெயர வேண்டும். கால்சுற்றுக்கு ஒருமுறை கைகள் இடம் மாறுவதால், அரைச்சுற்றுக்கு ஒருமுறை அவ்விலகல் திரும்பத் திரும்ப வரவேண்டும். இந்த 'அரைச்சுற்று' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் பொருளுதவி செய்ய, 1881-இல் ஜெர்மனியில் முதல் சோதனை நடந்தது. பெர்லின் நகர வீதிகளின் அதிர்ச்சி வரிகளைக் கலைத்ததால் கருவியைப் பாட்ஸ்டாம் வானாராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த விலகல் தெரியவில்லை. ஆனால் மைக்கல்சனின் கணக்கிலேயே ஒரு பிழை இருந்தது. குறுக்கே செல்லும் கற்றைக்கும் காலம் கூடும் என்பதை அவர் விட்டுவிட்டார். பிழையைத் திருத்தினால் எதிர்பார்த்த விலகல் பாதியாகிவிடும். அச்சிறு கருவியால் அதை நிச்சயமாகக் காணமுடியாது. இதை ஹாலந்து நாட்டு அறிஞர் லோரன்ட்ஸ் எடுத்துக்காட்டினார். ஆகவே சோதனையை மீண்டும் செய்தாக வேண்டும்.

1887-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில், எட்வர்டு மார்லி என்னும் ரசாயனப் பேராசிரியரின் துணையோடு மைக்கல்சன் அதைச் செய்தார். ஒன்றரை மீட்டர் சதுரமும் 30 சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு கற்பலகையின்மேல் கருவி அமைக்கப்பட்டது. அக்கல் பாதரசத்தின்மேல் மிதந்தது; விரலால் தொட்டால் சுழலும்; ஒரு சுற்றுக்கு 6 நிமிடம். பல கண்ணாடிகளில் ஒளியை முன்னும் பின்னும் எதிரொளிக்கச் செய்து, கையின் நீளத்தை 11 மீட்டராகப் பெருக்கினர். ஈதர்க் காற்று நொடிக்கு 30 கிலோமீட்டராயின், வரிகள் தம் இடைவெளியில் 0.4 பங்கு நகரவேண்டும். கண்ட விலகலோ அதில் 20-இல் ஒரு பங்குக்கும் குறைவு.

எனினும் இருவரும் தம் கட்டுரையில் ஈதர் இல்லை என்று எழுதவில்லை. ஈதர்க் காற்று ஏதேனும் இருந்தால் அதன் வேகம் பூமியின் வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாயிருக்கலாம். நான்கில் ஒரு பங்குக்கு நிச்சயமாகக் குறைவு என்றனர். இதை வேகமாகக் கணக்கிட்டால் 5 முதல் 8 கிலோமீட்டர் வரை வருகிறது. இன்னும் ஒன்று: கதிரவனே வானில் ஏதோ ஒரு திசையில் ஓடுகிறது. ஜூலை மாதத்தில் அவ்வோட்டமும் பூமியின் ஓட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஆறு மாதம் கழித்து இரண்டும் கூடித் தெரியவேண்டும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்ய எண்ணினர். ஆனால் அது செய்யப்படவே இல்லை. பாடநூல்கள் சொல்லாமல் விடும் இடைவெளி இதுதான். பின்வந்தவர் ஒருவர் இந்த இடைவெளியைச் சுட்டி, மறுபடியும் பார்க்கவேண்டும் என்றால், அவர் பக்கம் நியாயம் உண்டு.

இடையில் கொள்கை உலகில் பெரிய மாறுதல்கள் நேர்ந்தன. ஈதரில் ஓடும் பொருள் தன் ஓட்டத்திசையில் சற்றே சுருங்குகிறது என்று அயர்லாந்து அறிஞர் ஃபிட்ஜெரால்டு 1889-லும் லோரன்ட்ஸ் 1892-லும் கூறினர். 1905-இல் ஐன்ஸ்டைன், ஒரே சீராக ஓடும் எல்லா நோக்கர்க்கும் ஒளியின் வேகம் ஒன்றே என்பதை அடிப்படையாகக் கொண்டால் ஈதர் என்ற கருத்தே வேண்டியதில்லை என்று காட்டினார். மைக்கல்சனின் சோதனையிலிருந்தே ஐன்ஸ்டைன் தம் கொள்கையை வடித்தெடுத்தார் என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் இடம் பெயர்ந்து தோன்றுவதும், ஃபீஸோவின் நீர்ச்சோதனையுமே தம்மை மிகுதியாகத் தூண்டின என்று அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆயினும் ஈதர்க் காற்று சிறிதளவு மெய்யாகவே இருந்தால், அவர் கொள்கைக்கு இடமில்லை என்பது உறுதி.

அந்தச் சிறிதளவைக் கண்டேன் என்று கூறியவர்தான் டேட்டன் மில்லர். கிளீவ்லாந்தில், மைக்கல்சன் பணியாற்றிய அதே கேஸ் பொறியியற் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர், ஒலியியலில் வல்லுநர், உலகின் பல நாடுகளிலிருந்தும் 1,700-க்கு மேற்பட்ட புல்லாங்குழல்களைச் சேர்த்துவைத்த இசையன்பர், அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் தலைவர். அவரைப் பொழுதுபோக்குக்காக விஞ்ஞானம் பேசியவர் என்று ஒதுக்கிவிட முடியாது. மார்லியோடு சேர்ந்து 1902 முதல் 1905 வரை இச்சோதனையைப் பெரிய கருவிகொண்டு செய்தவர் அவர். தரைக்கு அருகில் பூமி ஈதரைத் தன்னோடு இழுத்துச் செல்லக்கூடும். உயரத்தில் அவ்விழுப்புக் குறையலாம் என்று எண்ணி, 1921-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரமுள்ள வில்சன் மலையுச்சிக்குக் கருவியைக் கொண்டு சென்றார். கனத்த சுவர்கள் ஈதரைத் தடுக்கலாம் என்று அஞ்சி, மெல்லிய சுவருள்ள குடிலில் கருவியை வைத்தார்.

1925 ஏப்ரல், ஆகஸ்டு, செப்டம்பர், 1926 பிப்ரவரி என ஆண்டின் நான்கு பருவங்களில் அவர் அளந்தார். மைக்கல்சனும் மார்லியும் விட்டுவிட்ட கடமையை அவர் நிறைவேற்றினார். கருவி 50 நொடிக்கு ஒருமுறை சுழலும். இருளில் அதனுடன் தாமும் சுற்றி நடந்தபடியே, 16 இடங்களில் வரியின் நிலையைக் கண்ணால் பார்த்துச் சொல்லுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். 20 சுற்றுகள் ஒரு தொகுதி. இவ்வாறு அவர் எடுத்த அளவுகள் 2 லட்சத்துக்கும் மேல். அவற்றின் சராசரியிலிருந்து, நொடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகமுள்ள ஈதர்க் காற்று உண்டென்று அவர் முடிவு கட்டினார். 1925-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றக் கழகத்தின் 1,000 டாலர் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

மில்லரின் முடிவு நிலைபெற்றால் சார்புக் கொள்கை நிலைக்காது என்பதை ஐன்ஸ்டைன் மறைக்கவில்லை. 1921-இல் பிரின்ஸ்டன் நகரில் இருந்தபோது, மில்லர் ஏதோ கண்டதாகச் செய்தி வந்தது. இறைவன் நுட்பமானவன், ஆனால் வஞ்சகன் அல்லன் என்று அவர் சொன்ன புகழ்பெற்ற சொல் அப்போது பிறந்ததே. மில்லர் கண்டதற்கு வெப்பநிலை வேறுபாடே காரணமாயிருக்கலாம் என்றும் அவர் ஐயுற்றார். மில்லரோ அடுப்புகளை வைத்துக் கருவியைச் சூடேற்றிப் பார்த்துவிட்டு, வெப்பத்தின் விளைவு வேறு, தாம் கண்டது வேறு என்று மறுத்தார்.

பிறர் வாளா இருக்கவில்லை. 1926-இல் கென்னடி, கருவியை மூடிய உறையில் வைத்து, அதில் ஹீலியம் வாயுவை நிரப்பி அளந்தார். காற்று ஒளியை மெதுவாக்கும் அளவில் எட்டில் ஒரு பங்கே ஹீலியம் மெதுவாக்கும்; ஆதலால் வெப்பத்தின் தொல்லை குறைவு. ஈதர்க் காற்றை அவர் காணவில்லை. அதே ஆண்டில் பிக்கார்டு, ஸ்டாஹெல் என்போர் ஆகாயக்கூண்டில் கருவியை ஏற்றிக்கொண்டு வானில் பறந்தனர். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரீகி மலைமேல் சென்று அளந்தனர். மில்லர் சொன்ன காற்று அங்கும் இல்லை. 1930-இல் ஜெர்மனியில் யேனா நகரில் யோஸ் என்பவர் காற்றை வெளியேற்றிய அறையில், கண்ணை நம்பாமல் ஒளிப்படம் எடுத்து அளந்தார். காற்று உண்டெனின் அது நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு உட்பட்டது என்பதே அவர் கண்ட முடிவு.

இவையெல்லாம் மில்லருக்கு எதிரான சான்றுகள். ஆனால் மில்லர் கண்டது என்ன என்பதற்கு விளக்கமல்ல. மூடிய உறைக்குள் ஈதர்க் காற்று எப்படி வீசும் என்று அவர் கேட்கலாம்; கேட்டார். 1933-இல் தம் அளவுகள் அனைத்தையும் தொகுத்து ஒரு பெரிய கட்டுரையாக வெளியிட்டார். கதிரவனும் கோள்களும் நொடிக்கு 208 கிலோமீட்டர் வேகத்தில் தென்வானை நோக்கிச் செல்வதாக அதில் கணக்கிட்டிருந்தார். 1941-இல் அவர் மறைந்தார். தம் கொள்கையை அவர் கைவிடவே இல்லை. பௌதிக உலகமும் அவருக்கு விடை சொல்லவில்லை, அவரை மறந்துவிட்டது. ஒருவரை மறப்பது அவரை மறுப்பதாகாது. இவ்வழக்கில் என் மனத்தை உறுத்துவது இந்த இருபது ஆண்டு மௌனமே.

அம்மௌனத்தைக் கலைத்தவர் மில்லரிடம் பயின்ற ராபர்ட் ஷாங்க்லாந்து. கேஸ் கல்லூரியில் ஆசிரியரின் இடத்தில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த அவர், துணைவர் மூவருடன் சேர்ந்து, மில்லரின் ஏடுகளை ஆராய்ந்து 1955-இல் முடிவை வெளியிட்டார். அவர் ஐன்ஸ்டைனோடு கடிதப் போக்குவரத்தும் வைத்திருந்தார். மில்லர் தம் ஏடுகளில் சராசரிகளை மட்டும் எழுதிவைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றின் ஒவ்வோர் அளவையும், குடிலில் தொங்கிய வெப்பமானிகள் காட்டிய எண்களையும், நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். தமக்குப் பாதகமாகக்கூடிய சான்றுகளையும் அவர் நேர்மையாகக் காத்து வைத்திருந்தார்.

ஷாங்க்லாந்து குழுவினர் கண்டவை இரண்டு. வரிகளின் விலகலில் ஒரு பகுதி, அளவு எடுக்கும்போது தற்செயலாக நேரும் ஏற்றத்தாழ்வு. மற்றப் பகுதி, குடிலுக்குள் இருந்த வெப்பநிலை வேறுபாட்டின் விளைவு. இவ்வளவு சிறு வெப்பம் இப்படியொரு மயக்கத்தை உண்டாக்குமா என்று கேட்கலாம். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றில் ஒளி, வெற்றிடத்தில் செல்வதைவிட 10,000-இல் ஏறத்தாழ 3 பங்கு மெதுவாகச் செல்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அந்த 3 பங்கில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு குறையும். அதாவது 10 லட்சத்தில் ஒரு பங்கு. மில்லரின் கருவியில் ஒவ்வொரு கையிலும் ஒளி போய்வரும் தூரம் 64 மீட்டர். அதில் 10 லட்சத்தில் ஒரு பங்கு 64 மைக்ரான். அவர் கையாண்ட ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 0.57 மைக்ரான். வகுத்தால் 112. இரு கைகளிலுள்ள காற்றுக்கும் இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் வரிகள் 112 இடைவெளிகள் நகரும்! 1,000-இல் ஒரு டிகிரி வேறுபட்டால் ஏறத்தாழ 0.11 இடைவெளி நகரும்.

இனி மில்லர் சொன்ன காற்றைப் பாருங்கள். நொடிக்கு 30 கிலோமீட்டர் காற்றானால் அவர் கருவியில் 1.12 இடைவெளி விலகல் இருக்கவேண்டும். 10 கிலோமீட்டர் காற்றுக்கு, வேகத்தின் வர்க்கப்படி, அதில் ஒன்பதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.12. இரண்டு எண்களும் ஒத்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு டிகிரியில் 1,000-இல் ஒரு பங்கு அளவான வெப்ப வேறுபாடே அவர் கண்ட காற்றைப்போல் தோன்றப் போதும். எந்த வெப்பமானியும் குடிலுக்குள் அவ்வளவு நுட்பமாகக் காட்டியிராது. குடிலின் ஒரு திசை மற்றதைவிடச் சற்றே வெதுவெதுப்பாக இருந்தால், அத்திசையில் நிற்கும் கை சூடாகும். கால்சுற்றில் கைகள் இடம் மாறும். அரைச்சுற்றுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். ஈதர்க் காற்றின் அடையாளம் என்று நாம் முன்பு கண்டதும் அதுவேயன்றோ? ஈதர் நுழையட்டும் என்று அவர் அமைத்த மெல்லிய சுவர் வழியே வெயிலும் குளிரும் நுழைந்தன.

இரண்டையும் பிரித்தறிய வழியுண்டா? உண்டு. மெய்யான ஈதர்க் காற்று விண்மீன்களைச் சார்ந்த திசையில் வீசும். பூமி சுழலச் சுழல, குடிலைப் பொறுத்து அதன் திசை 24 மணி நேரத்தில் மாறிவரும். குடிலின் சூடான சுவரோ குடிலோடேயே நிற்கும். மில்லரின் ஏடுகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் நேரம் குறிக்கப்பட்டிருந்ததால் இவ்வகையான ஆய்வு பின்னாளில் இயன்றது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 2006-இல், டாம் ராபர்ட்ஸ் என்னும் அறிஞர் அதே அளவுகளைக் கணிப்பொறியில் இட்டு இன்னொரு கோணத்தில் ஆராய்ந்தார். மில்லரின் கருவியில் வரிகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சுழற்றாவிட்டாலும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு தொகுதி முடிவதற்குள் அந்நகர்ச்சி, தேடும் விலகலைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிடும். மில்லர் அதை நேர்கோடாகக் கருதிக் கழித்தார். ஆனால் அந்நகர்ச்சி நேர்கோட்டில் செல்வதன்று. கழித்தபின் எஞ்சிய எண்களை அரைச்சுற்று வாரியாக ஒன்றன்மேல் ஒன்று மடித்துச் சராசரி எடுத்தால், எவ்வகை அலைச்சலும் ஓர் அலைக்கோடாகவே தோன்றும். அப்படித் தோன்றும் அலைக்கோடு, அளவின் நிச்சயமின்மையைவிடப் பெரியதா என்பதே கேள்வி. பெரியதன்று என்று அவர் காட்டினார். அளவுகள் பல லட்சமாயின் பிழை தானே மறைந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். தற்செயலான பிழை மறையும். மெல்ல நகரும் பிழை மறையாது. சில வேளைகளில் உருக்கொண்டு நிற்கும்.

அதன்பின் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. லேசர் ஒளியைக்கொண்டு பிரில்லே, ஹால் இருவரும் 1979-இல் வெளியிட்ட சோதனை பழைய அளவுகளைவிடப் பல மடங்கு நுட்பமானது. திரவ ஹீலியத்தால் குளிர்வித்த நீலமணிப் படிகங்களைச் சுழலும் மேடையில் ஓராண்டுக்காலம் சுற்றவிட்டு ஆராய்ந்த ஒரு குழு 2015-இல் தன் முடிவை வெளியிட்டது. கோடியைக் கோடியால் பெருக்கி, மீண்டும் 10,000-ஆல் பெருக்கினால் வரும் எண்ணில் ஒரு பங்கு வரை பார்த்தும், திசைக்குத் திசை ஒளியின் வேகத்தில் வேற்றுமை இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 14-இல் ஈர்ப்பலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த லைகோ கருவியும் மைக்கல்சனின் கருவியின் வழித்தோன்றலே. செங்குத்தான இரு கைகள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர், முழுதும் வெற்றிடம். காற்றும் வெப்பமும் செய்யும் மாயத்தை மில்லரின் காலத்து அனுபவத்தால் நன்கு உணர்ந்தவர்கள் காற்றையே வெளியேற்றிவிட்டனர்.

இச்சோதனைகள் ஈதர் இல்லை என்று நிறுவினவா என்று மாணவர்கள் கேட்டால், நான் சற்று நிதானமாகவே விடை சொல்வேன். பூமியின் ஓட்டம் ஒளியின் வேகத்தில் எந்த அடையாளத்தையும் பதிக்கவில்லை என்பதே அவை நிறுவியது. எவ்வகையிலும் தன்னைக் காட்டிக்கொள்ளாத ஓர் ஈதர் உண்டென்று ஒருவர் நம்ப விரும்பினால், எந்தச் சோதனையும் அவரைத் தடுக்காது. அவரது நம்பிக்கையால் ஆவதும் ஒன்றில்லை. விஞ்ஞானம் அதைக் கைவிட்டது அதனால் பயனில்லை என்று கண்டதால்தான்.

மில்லரைப் பற்றியும் ஒரு சொல். அவர் முடிவு பிழையானது. அவர் ஏடு பிழையற்றது. சோதனைச்சாலையில் எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால், ஏட்டில் அதை அடித்துவிட்டுப் பக்கத்து மாணவரின் எண்ணை எழுதிக்கொள்ளும் வழக்கத்தை நான் பல கல்லூரிகளில் கண்டிருக்கிறேன். அவ்வாறு செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் நாம் எங்கே தவறினோம் என்பதைப் பின்னர் யாரும், நாமேகூட, கண்டுபிடிக்க முடியாது. மில்லர் தம் எண்களைத் திருத்தாமல் வைத்துவிட்டுப் போனார். அறையின் வெப்பநிலையையும் நேரத்தையும்கூட எழுதி வைத்தார். அதனால்தான் அவருடைய மாணவர், ஆசிரியரின் ஏட்டைக்கொண்டே ஆசிரியரின் முடிவைத் திருத்த முடிந்தது. அடுத்த முறை நீங்கள் சோதனைச்சாலைக்குள் செல்லும்போது, கண்ட எண்ணைக் கண்டபடியே எழுதுங்கள். அதன் அருகில் அறையின் வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.